மொட்டு என்று போட்டேன்

முதல் பயிற்சி நாளுக்கு ஒரு கம்பளி நூல் உருண்டையைக் கொண்டுபோயிருந்தேன். அறிமுக விளையாட்டுக்காக. ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, அதே எழுத்தில் தொடங்கும் பழத்தையோ காயையோ சேர்த்துச் சொல்லி, நூலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உருண்டையை அடுத்தவருக்கு வீச வேண்டும். கடைசியில் அறை நடுவே ஒரு வலை உண்டாகும். "பாருங்கள், நாம் எல்லோரும் இணைந்திருக்கிறோம்" என்று நான் சொல்ல வேண்டும். தலைமை அலுவலகத்தில் எங்களுக்கு இதை நடத்திக் காட்டியபோது புதிதாகச் சேர்ந்த நாங்கள் பதினோரு பேரும் கைதட்டினோம்.

இங்கே முப்பத்திரண்டு ஆசிரியர்கள். ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பு அறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு மூட்டுவலி வயது. சனிக்கிழமை வேறு. மூன்றாவது ஆள் வரை உருண்டை போனது. 'மாம்பழம் மாலா', 'கத்தரிக்காய் கலா' என்று சிரிப்பும் கூச்சமுமாகச் சொன்னார்கள். நான்காவதாக, கடைசி பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சாரின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "ஏம்மா, என் பேரு அட்டெண்டன்ஸ்ல இருக்குது. காய் எல்லாம் சாயங்காலம் சந்தையில வாங்கிக்கிறேன். நீ பாடத்துக்கு வா."

அறை சிரித்தது. நானும் சிரிப்பது போல ஏதோ செய்தேன். உருண்டை அன்று முழுவதும் அந்த பெஞ்சிலேயே இருந்தது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு எடுத்துப் பையில் போட்டேன். அப்புறம் எந்தப் பயிற்சிக்கும் அதைக் கொண்டுபோனதில்லை.

அந்த சார் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம். டீ இடைவேளையில் என்னிடம் வந்து, கோபமே இல்லாமல், பழைய சொந்தக்காரரைப் போலக் கேட்டார். "நீ எத்தனை வருஷம் கிளாஸ் எடுத்திருக்க?"

"ரெண்டு வருஷம் சார்."

"பர்மனென்ட்டா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தெரிந்தும் தொண்டை அடைத்தது.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவள். ஊரில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக மாதம் ஆயிரம் ரூபாய்க்குச் சாயங்கால வகுப்பு எடுத்தேன். 2022இல் அரசுப் பள்ளிக் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பியபோது, பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் இடம் கிடைத்தது. மாதம் 7,500 ரூபாய். அந்த வருடம் அக்டோபரில் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேறினேன். தேறினால் வேலை என்று ஒரு காலத்தில் இருந்தது. அரசாணை 149 வந்த பிறகு தகுதித் தேர்வு என்பது இன்னொரு தேர்வு எழுதுவதற்கான தகுதி மட்டும்தான். அந்த இன்னொரு தேர்வு 2024 ஜூலையில் நடந்தது. எழுதிவிட்டு வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது, வராது என்று. ஆகஸ்ட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். வேலை, அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு வாசிப்பிலும் கணக்கிலும் பயிற்சி கொடுப்பது.

அதாவது, ஆசிரியராகத் தேர்வாகாத ஒருத்தி ஆசிரியர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று சொல்லித் தருகிறாள். சாருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "இல்ல சார், டெம்பரரி" என்றவுடனே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "சரி, டீ குடி" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

முதல் மூன்று மாதம் நான் செய்ததெல்லாம் பேசியதுதான். தலைமை அலுவலகம் அனுப்பிய ஸ்லைடுகளை அப்படியே திரையில் காட்டி, அதில் இருப்பதையே வாயாலும் வாசித்தேன். 'குழந்தை மையக் கற்றல்', 'மகிழ்ச்சியான வகுப்பறைச் சூழல்'. புரொஜெக்டர் வேலை செய்யாத பள்ளிகளில் அதே ஸ்லைடைச் சார்ட்டில் எழுதி ஒட்டினேன். தொண்டை கட்டிக்கொண்டது. ராத்திரி மிளகுப் பால். காலையில் ஆறரை பஸ். போளூர், செங்கம் என்று திருவண்ணாமலை மாவட்டம் முழுக்கச் சுற்றினேன். எந்த ஸ்டாண்டில் கழிப்பறைக்குக் கதவு இருக்கிறது என்பது முதல் மாதத்திலேயே மனப்பாடம். பயிற்சி முடிந்ததும் அலுவலகத்துக்கு நான்கு போட்டோ அனுப்ப வேண்டும். ஒன்றில் ஆசிரியர்கள் குழுவாக வேலை செய்ய வேண்டும், ஒன்றில் சிரிக்க வேண்டும். "மேடம், சிரிக்கிற போட்டோ எடுத்தாச்சா? நாங்க கிளம்பலாமா?" என்று ஒரு டீச்சர் கேட்டார். நக்கல் இல்லை. அவர் உண்மையிலேயே எனக்கு உதவத்தான் கேட்டார்.

மேடம். இதுதான் இன்னொரு மாற்றம். இரண்டு வருடம் நான் 'டீச்சர்'. ரேஷன் கடையில், பஸ்ஸில், கோயிலில், எங்கே பார்த்தாலும் ஒரு சின்னக் குரல் "டீச்சர்ர்ர்" என்று இழுக்கும். இப்போது நான் மேடம். முதுகுக்குப் பின்னால் 'அந்த என்ஜிஓ பொண்ணு'.

சங்கத்து சார் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னது எனக்கு எந்த ஸ்லைடைவிடவும் உதவியது. அவர் 1994இல் வேலைக்கு வந்தவர். வந்ததிலிருந்து பார்த்தவற்றை, தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே வரிசையாகச் சொன்னார். வந்தபோது கரும்பலகைத் திட்டம். அப்புறம் டிபெப், அது நம்ம மாவட்டத்துக்கும் வந்தது. அப்புறம் எஸ்எஸ்ஏ. 2007இல் செயல்வழிக் கற்றல், அட்டையும் ஏணிப்படியும். 2012இல் முப்பருவமும் சிசிஇயும். 2022இல் எண்ணும் எழுத்தும். "ஏபிஎல் வந்தப்போ நாற்காலியத் தூக்கிட்டாங்க. நான் பாய்ல உட்கார்ந்தேன். முதல்ல கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா, பிள்ளைங்க மூஞ்சி பக்கத்துல தெரியுது. புடிச்சுப்போச்சு. பழகி முடிக்கிறதுக்குள்ள அட்டையக் கட்டி வைக்கச் சொல்லிட்டாங்க. கிளாஸ்ல குறுக்க கம்பி கட்டினோமே, பிள்ளைங்க வரைஞ்சத மாட்ட, கம்பிப் பந்தல்னு, அது இன்னும் இருக்குது. மழைக்காலத்துல துணி காயப்போடறோம்."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "இத்தனையிலயும் ஒருத்தனும் என்கிட்ட, உன் கிளாஸ்ல எந்தப் பையன் எங்க நிக்கிறான்னு கேட்டதில்லம்மா. எத்தனை பேரு நிக்கிறான்னுதான் கேட்டான்."

அடுத்த பயிற்சிக்கு நான் ஸ்லைடு கொண்டுபோகவில்லை. மேலாளரிடம் புரொஜெக்டர் பழுது என்று சொல்லிவிட்டேன் (பாதி உண்மை). ஆசிரியர்களுக்கு முந்தின நாளே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தேன்: 'பிள்ளைகளின் பழைய நோட்டு இரண்டு கொண்டுவாருங்கள். தப்பு நிறைய இருக்கும் நோட்டு. பெயரை மறைத்துவிடுங்கள்.'

பன்னிரண்டு பேர் கொண்டுவந்தார்கள். ஒரு நோட்டில் 'முன்னூற்று ஏழு' என்பதற்கு 3007 என்று எழுதி, சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. பலகையில் எழுதிவிட்டு, "இது ஏன் வருது?" என்று கேட்டேன்.

"கவனம் இல்ல" என்றார் ஒருவர். "இடமதிப்பு தெரியல" என்றார் இன்னொருவர். அப்போது முன் பெஞ்சில் இருந்த ஒரு டீச்சர் மெதுவாகச் சொன்னார். "முன்னூறு எழுதியிருக்கான். அப்புறம் ஏழு எழுதியிருக்கான்."

அவ்வளவுதான். அறையில் ஒரு அசைவு. எல்லோரும் தத்தம் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்கள். 'நூற்று இருபத்து மூன்று' 100203 ஆக இருந்தது. 'தொண்ணூற்று ஒன்று' 901 ஆக இருந்தது. தொண்ணூறில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. எழுபது, எண்பது என்று பத்தின் பெயரோடு வந்துகொண்டிருந்த வரிசை, திடீரென்று நூறைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. தொள்ளாயிரம் அப்படியே ஆயிரத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. பெரியவர்கள் நமக்கு இது கண்ணில் படுவதே இல்லை. எண்பத்தொன்பதுக்கு அடுத்து 'எண்பத்திப் பத்து' என்று சொல்லும் பிள்ளையை எல்லா டீச்சரும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை விதியைச் சரியாகப் பிடித்திருக்கிறது. நம் மொழிதான் அந்த இடத்தில் வழி மாறிப் போகிறது.

"காதுல விழற வரிசையில எழுதறான். அவனுக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது சரி" என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து பேப்பர் மடிக்கும் சத்தம். சங்கத்து சார் எழுந்து பலகைக்கு வந்தார். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டார். "எந்தப் பிள்ளையையாவது நூத்தி ஒண்ணு எழுதச் சொல்லு. 1001ன்னு எழுதறது கம்மி. ஏன் தெரியுமா? மொய்க் கவரு. நூத்தி ஒண்ணு, ஐந்நூத்தி ஒண்ணு, அவன் வீட்டுல பாத்திருக்கான். கல்யாணத்துக்குப் போனா பக்கத்துல நின்னு மொய் எழுதறதைப் பாத்திருக்கான். அங்கருந்து ஆரம்பிக்கணும். 101 எழுதினாயா? அந்த ஒண்ண அழி, ஏழு போடு. இப்ப நூத்தி ஏழு. முன்னால இருக்கிற ஒண்ண அழிச்சு மூணு போடு." பலகையில் 307 நின்றது. "நான் இருபது வருஷமா இப்படித்தான் எடுக்கறேன். எந்த கைடுலயும் கிடையாது."

"இதை ஏன் சார் இதுவரைக்கும் சொல்லல?" என்று ஒரு இளம் டீச்சர் கேட்டார்.

"யாரு கேட்டா?"

அடுத்த வாரம் நான் பார்வைக்குப் போன பள்ளிகளில் பிள்ளைகளிடம் நூற்று ஒன்று எழுதச் சொல்லிப் பார்த்தேன். எல்லோருக்கும் பலிக்கவில்லை. மொய் எழுதுவதைப் பார்க்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள், 1001 என்றே எழுதினார்கள். அடுத்த பயிற்சியில் சாரிடம் சொன்னேன். "அப்ப அவங்களுக்கு வேற ஒண்ணு கண்டுபுடி. அதுக்குத்தான உனக்குச் சம்பளம்" என்றார்.

இப்படி இரண்டு மாதம் நன்றாகப் போனது. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல். திருவண்ணாமலையில் மண் சரிந்து ஆட்கள் செத்துப்போன அந்த வாரம் பள்ளிகள் மூடிக் கிடந்தன. எங்கள் வாசிப்புப் பயிற்சி பொங்கல் கழித்துத் தள்ளிப்போனது. சொன்னால் என்ன, நான் அந்தப் பயிற்சிக்கு ஆசையாகக் காத்திருந்தேன். வேலை பிடிபட்டுவிட்டது என்ற நினைப்பு வந்திருந்தது. எனக்காகக் கடைசி பெஞ்சில் ஒரு இடம் பிடித்து வைக்கிறார்கள். டப்பாவிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வைக்கிறார்கள். முதல் நாளை நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருந்தது.

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. எழுத்து, வாசிப்பு. மறுபடியும் நோட்டுகள். இந்த முறை முப்பதுக்கும் மேல் வந்திருந்தன. மேசையில் பரப்பி வைத்து, குழுவுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நீல அட்டை நோட்டைத் திறந்ததும் கை நின்றுவிட்டது.

'செங்கல்' என்று எழுத முயன்றிருந்தான். ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் இல்லை, பின்னால் இருந்தது. முதலில் ச, அப்புறம் கொம்பு, அதுவும் சுழி வலது பக்கம் பார்த்து. அந்தப் பக்கம் முழுவதும் அப்படித்தான். கொடியிலும் கோழியிலும் கொம்பும் காலும் சேர்ந்து எழுத்துக்கு வலப்பக்கம் நெருக்கியடித்து நின்றன. எழுத்தைப் பலமாக அழுத்தியதில் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட்டது.

எனக்கு இந்தக் கையெழுத்து தெரியும்.

தற்காலிக ஆசிரியராக என் இரண்டாவது வருடம் அவன் மூன்றாம் வகுப்பு. அப்பா அம்மா பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போவார்கள். அவனும் போவான். மழை தொடங்கினால்தான் திரும்பி வருவார்கள். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பாதி வருடம் அப்படிப் போயிருந்தது. கணக்கில் கெட்டிக்காரன். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீடு, அதனால் ஆயிரம் என்றால் அவனுக்குக் கண்ணால் பார்த்த பொருள். வாசிப்பு மட்டும் வராது. ஒருநாள் என்னிடம் கேட்டான். "டீச்சர், வாயில ச தான மொதல்ல வருது? கொம்பு எதுக்கு டீச்சர் முன்னாடி போய் நிக்குது?" ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். "அது அப்படித்தான்டா. சொன்னதை எழுது" என்றேன்.

அந்த வருடம் பொங்கலுக்கு முன்னால் மதிப்பீடு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையில் பார்க்க வேண்டும். முதல் வகுப்பு அளவில் இருந்தால் அரும்பு, இரண்டு என்றால் மொட்டு, மூன்றாவது என்றால் மலர். ஒவ்வொரு பிள்ளைக்கும் செயலியில் பதிய வேண்டும். அவன் அரும்பு. அரும்பிலும் தொடக்கம். நான் பதியப் போனபோது தலைமையாசிரியை பக்கத்தில் இருந்தார். நல்ல மனுஷி, சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு எண்ணெய் வாங்கி வைப்பவர். "இன்னும் அரும்பா போட்டா மீட்டிங்ல எழுப்பி நிக்க வச்சிக் கேப்பாங்கம்மா. நீயும் டெம்பரரி. மொட்டுன்னு போட்டுட்டு, அவனுக்குத் தனியா சொல்லிக் குடு, வந்துருவான்."

மொட்டு என்று போட்டேன். ஒரு தொடுதல்தான். செயலி நன்றி சொன்னது.

தனியாகச் சொல்லிக் கொடுப்பதற்குள் பொங்கல் வந்தது, அவன் சூளைக்குப் போய்விட்டான். ஏப்ரலில் என் வேலை முடிந்தது. எனக்கு அதற்கப்புறம் தேர்வு, படிப்பு, அழுகை என்று என் பாடு. அவனை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருந்தேன்.

அந்த நீல நோட்டைக் கொண்டுவந்தவர், முன்பு 'முன்னூறு எழுதியிருக்கான், அப்புறம் ஏழு எழுதியிருக்கான்' என்று சொன்ன அதே டீச்சர். அவர் குழுவிலேயே அந்த நோட்டு இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நாலாவது. இந்த வருஷம்தான் நம்ம ஸ்கூலுக்கு வந்தான். அப்பா அம்மா மட்டும் சூளைக்குப் போயிட்டு இவன பாட்டிகிட்ட விட்டிருக்காங்க, படிக்கட்டும்னு. மொட்டுன்னு இருக்கு. நானும் நம்பி மொட்டு குரூப்ல உட்கார வச்சு ரெண்டு மாசம் போச்சு. அவன் வாயே தொறக்கல. அப்புறம்தான் ஒரு நாள் தனியா கூப்பிட்டுப் பாத்தேன். யாரு அந்த டீச்சரோ, நல்லா இருக்கட்டும்."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவரவர் போட்ட மொட்டுகளும் இருந்தன என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. என் முகத்தை நோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

பயிற்சி நடந்தது. கொம்பைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் பேச்சு. எ, ஏ, ஐ வரிசையில் மெய்க்குப் பின்னால் ஒலிக்கும் உயிர், எழுத்தில் முன்னால் வருகிறது. ஒ, ஓ வரிசையில் இரண்டு பக்கமும் நிற்கிறது. உ வரிசையில் கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. சங்கத்து சார், தன் சின்ன வயதில் 'லை'யை யானைத் தும்பிக்கை போட்டு எழுதியதைப் பலகையில் வரைந்து காட்டினார். "78ல மாத்தினாங்க. அப்படியே இந்தக் கொம்பையும் தூக்கிப் பின்னாடி போட்டிருந்தா இந்தப் பையன் பாஸ்" என்றார். எல்லோருக்கும் நல்ல கலகலப்பு. 3007ஐப் போலத்தான் இதுவும், காதில் விழும் வரிசையில் எழுதுகிறான் என்று யாரோ சொன்னார்கள். நான் சொல்லவில்லை. மூன்று மாதமாக ஊர் ஊராகப் போய் இதையே சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். என்னிடம் ஒரு எட்டு வயதுப் பையன் அதே விஷயத்தைக் கேள்வியாகவே கேட்டிருந்தான்.

அறையிலேயே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊறுகாயும் கடைசி பெஞ்ச் இடமும் போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. நான்கு மணிக்குச் சிரிக்கிற போட்டோ எடுத்தேன். அதில் அந்த டீச்சரும் சிரிக்கிறார்.

பஸ் ஸ்டாப்பில் அவர் மட்டும் நின்றிருந்தார். நிழற்குடைக்கு அடியில் ஒரு ஆடு படுத்திருந்தது. நான் அவர் பக்கத்தில் போய் நின்று, எந்தப் பீடிகையும் வரவில்லை, "டீச்சர், அந்த மொட்டு நான் போட்டதுதான்" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பள்ளியின் பெயரைச் சொன்னதும் புரிந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் வந்துவிட்டுப் போனதையும் பார்த்தேன். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அவனுக்கு எது வரைக்கும் தெரியும்? எனக்கு இன்னும் முழுசா பிடிபடல."

வருகைப் பதிவின் ஜெராக்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் பின்பக்கம் எழுதினோம். உயிர் பன்னிரண்டில் எது வரும். ட, ப, ம, க வரும். ண, ன குழப்பம். கால் போட்டால் படிப்பான். படம், பட்டம், பாட்டி படிப்பான். கொம்பு வந்தால் நின்றுவிடுவான். பலகைக்கு எழுப்பினால் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டால் சொல்வான். கணக்குக்கு அவனை லீடர் ஆக்கலாம். தோற்றால் அழுவான், அழுதுவிட்டு மறுபடி விளையாட வருவான். எழுத எழுத எனக்கே ஆச்சரியம், இவ்வளவு தெரிந்திருக்கிறது. இதில் எதையும் பதிய அந்தச் செயலியில் இடம் இருக்கவில்லை. நானும் வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை.

"கொம்பை ஏன் பின்னாடி போடறான்னு கேட்டீங்களா?"

"அவன்தான் கேட்டான் டீச்சர், ஏன் முன்னாடின்னு. நான் பதில் சொல்லல."

பஸ் வந்துவிட்டது. ஜெராக்ஸை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். படியில் ஏறி நின்று, "புதன்கிழமை வாங்க. வந்து நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்த வாரப் பார்வைப் பட்டியலில் அவர் பள்ளி இல்லை. மேலாளரிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். ஏன் என்றதற்கு, வாசிப்பில் பின்தங்கிய ஒரு மாணவர் என்றேன். எத்தனை மாணவர் என்று கேட்டார். ஒன்று என்றேன். ஒன்றுக்கு ஒரு நாளா என்று இழுத்துவிட்டுச் சரி என்றார்.

புதன்கிழமை நான் போனபோது அவன் வராந்தாவில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தான். உயரமாகிவிட்டான். என்னைப் பார்த்ததும் முகம் மலரவும் இல்லை, ஓடி வரவும் இல்லை. எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, வேறு வேலை இருப்பது போல உள்ளே போய்விட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் வேறு எதையோ பேசினோம். பாட்டி வீட்டில் ஆடு குட்டி போட்டதை, அம்மா போனில் பேசியதை, இந்த வருடம் சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை. பிறகு தரையில் விரலால் ச எழுதினேன். "நீ ஒரு நாள் என்னைக் கேட்டியே, கொம்பு எதுக்கு முன்னாடி நிக்குதுன்னு. ஞாபகம் இருக்கா?"

தலையை ஆட்டினானா இல்லையா என்று தெரியாத ஒரு ஆட்டு.

"எனக்கு அப்ப தெரியல. இப்பவும் சரியா தெரியல. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எழுதினவங்க அப்படி எழுதிட்டாங்க. வாயில ச மொதல்ல, கையில கொம்பு மொதல்ல. நீ எழுதறது வாய் சொல்ற மாதிரி."

கொஞ்சம் யோசித்தான். நோட்டு இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தது.

"அப்ப தப்பு அவங்க மேலயா, டீச்சர்?"

"கொஞ்சம் அவங்க மேல. கொஞ்சம் என் மேல."

"என் மேல?"

"உன் மேல இல்ல."

நோட்டை எடுத்துத் திறந்தான்.